மணிமுத்துவின் அடிக்கட்டைகள்

மணிமுத்துவை நான் மூன்று தடவை அடித்திருக்கிறேன். மூன்று தடவையும் நியாயம் என் பக்கம் என்று நினைத்துத்தான் அடித்தேன். அவன் ஒரு தடவைகூட என்னைத் திருப்பி அடித்ததில்லை. அடித்திருந்தால் நான் இன்று பேனா பிடித்து இதை எழுத முடியாது. அவன் கை அப்பேர்ப்பட்ட கை.

என் பெயர் ஏசுவடியான். முப்பத்தோரு வருஷம் போலீசில் இருந்து ஏட்டாக ரிட்டயர்டு ஆனவன். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலை. யார் யாரை அடித்தார்கள், எதால் அடித்தார்கள், எங்கே அடித்தார்கள் என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப்போனது. இப்போது தென்காசியில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேட்டால் மனுவும் எழுதித் தருவேன். தொப்பி போய் ஆறு வருஷமாகியும் ஊர் இன்னும் என்னை ஏட்டையா என்றுதான் கூப்பிடுகிறது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

போன வருஷம் ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மணிமுத்து என் கடைக்கு வந்தான். இடது புருவம் பிளந்திருந்தது. முகமெல்லாம் எண்ணெய். எண்ணெயில் ரத்தம் உறையாது. சொட்டுச் சொட்டாக என் மேஜைக் கண்ணாடியில் விழுந்தது. ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவனுக்கு எண்ணெய்ப் பாட்டிலாலேயே அடி விழுந்திருக்கிறது என்று வாசனையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு துணியை அவன் கையில் கொடுத்து அமுக்கச் சொல்லிவிட்டு, நான் வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கேள்வி கேட்டு எழுதுவதெல்லாம் புதுசாக வந்த ரைட்டருக்கு. எனக்குக் கை தானாக ஓடும்.

‘இன்று காலை சுமார் ஒன்பது மணி அளவில் நான் மேற்படி இடத்தில் தொழில் செய்துகொண்டிருந்தபோது, எதிரி என்னை வழிமறித்து, சொல்லக்கூசும் கெட்ட வார்த்தைகளால் திட்டி, கையில் வைத்திருந்த பாட்டிலால் என் தலையில் ஓங்கி அடித்து ரத்தக்காயம் ஏற்படுத்தி, உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று…’

“எதிரி பேரைச் சொல்லுலே.”

“பேங்க், ஏட்டையா.”

பேனா நின்றது. “பேங்காலே உன் மண்டைய உடைச்சுது?”

“மண்டைய உடைச்சது சங்கரேஸ்வரி. அவ மேல ஒரு எழுத்து எழுதாதிய. அவள அடிக்க வச்சது பேங்க். அதைத்தான் எழுதணும்.”

சங்கரேஸ்வரி அவன் பெண்டாட்டி. பிரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பிரிவைத் தாளில் எழுதியவன் நான்.

மணிமுத்து இலஞ்சிக்காரன். பதினெட்டு வயதில் ஐந்தருவிக்கு எண்ணெய் தேய்க்கப் போனான். பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற மாதிரி மனுஷ உடம்பைப் பிசைவான். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று வருகிறவர்கள் எழுந்து போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எந்த நரம்பை எங்கே அமுக்கினால் எங்கே விடும் என்று தெரிந்த கைக்கு, எங்கே அடித்தால் எங்கே போகும் என்றும் தெரிந்திருந்தது. அதுதான் வினை. அவனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். உட்காருகிற பாறைக்குச் சண்டை வந்து, ஒரு சீசனில் இன்னொரு எண்ணெய்க்காரனின் முழங்கையை முறுக்கி ஒடித்தான். அப்போது அருவி பந்தோபஸ்தில் இருந்த நான் லத்தியால் அவன் காலில் போட்டேன். அது முதல் தடவை.

இரண்டாவது தடவைதான் சங்கரேஸ்வரி விஷயம். ஒரு ஆடி மாதத்து ராத்திரி சோற்றில் உட்கார்ந்திருக்கிறான். அவள், “கையக் கழுவிட்டுச் சோத்துல வைங்க, மீன்கொழம்பும் எண்ணெயா நாறுது” என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரிப்பு முடியவில்லை, ஒரே அறை. மகள் முத்துசெல்விக்கு அப்போது ஒன்பது வயது. தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அம்மா காதிலிருந்து ரத்தம் வடிந்து கழுத்தில் இறங்கியதை முதலில் பார்த்தது அந்தப் பிள்ளைதான்.

மறுநாள் சங்கரேஸ்வரியின் அண்ணன் வல்லிநாயகம் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தான். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். நான் மணிமுத்துவைப் பிடித்துவரச் செய்து பெல்ட்டால் நாலு இழுத்தேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது எங்கள் வேதம். இன்ஸ்பெக்டருக்குச் சீசன் பந்தோபஸ்து தலைக்கு மேல் கிடந்தது. “கேஸெல்லாம் எதுக்கு, சமாதானமாப் போறோம்னு எழுதி அனுப்பும்” என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் கேஸ் ஆகிவிடும் என்பதால் அனுப்பவில்லை. நான் எழுதினேன். ‘குடும்பத் தகராறில் கை பட்டதில் மனைவிக்கு வலது காதில் லேசான காயம். சிகிச்சை தேவையில்லை.’ கணவன் தனியே இருப்பது, சீசன் மாதம் மூன்றிலும் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை மனைவி பேரில் வங்கிக் கணக்கில் போட்டுவருவது, இருவரும் கையெழுத்து. கடைசியில் என் செல் நம்பரையும் தாளின் அடியில் எழுதி, “எதுன்னாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க” என்று வல்லிநாயகத்திடம் கொடுத்தேன். பெரிய மனசு பண்ணின மாதிரி இருந்தது எனக்கு.

அவள் மகளோடு அண்ணன் ஊரான ஆய்க்குடிக்குப் போய், ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் அடுத்த சீசனிலிருந்து பணம் போட ஆரம்பித்தான். இது எனக்குத் தெரியாது. அவன் எங்கே போடப்போகிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு என் கடையில் அவன் இடுப்பிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்துப் பிரித்தான். பணம் கட்டிய சலானின் அடிக்கட்டைகள். ஒன்பது சீசன், இருபத்தேழு கட்டைகள். எல்லாம் எண்ணெயில் ஊறி, அப்பளம் மாதிரி ஊடுதெரிந்தன. முன்பக்கம் எழுதியது பின்பக்கமும் தெரிந்தது.

“ஒண்ணு விடாம போட்டிருக்கேன் ஏட்டையா. மகளுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. சங்கரேஸ்வரி இத்தன வருஷமாத் தொடாம வச்சிருந்த துட்ட எடுக்கப் போயிருக்கா. பேங்க்ல, ‘ஒண்ணுமில்ல, நீங்கதான் ஆயிரத்து முந்நூறு தரணும்’னு சொல்லிட்டான். நான் ஏமாத்திட்டேன்னு பஸ் ஏறி ஐந்தருவிக்கே வந்துட்டா. மதுரைக்காரர் ஒருத்தருக்குத் தேச்சிக்கிட்டிருந்தேன். வந்த வேகத்துல பாட்டில எடுத்து ஒரே போடு. பொறவு செருப்பு.”

“நீ என்ன செஞ்ச?”

“ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். போட்டேன், போட்டேன்னு கத்துனேன். அருவி இரைச்சல். அவளுக்கு ஒரு காது வேற கேக்காதுல்லா. அடிச்சிக்கிட்டே இருந்தா. எல்லாவனும் செல்லுல படம் எடுத்தான்.” துணியை எடுத்து மறுபடி மடித்துப் புருவத்தில் வைத்தான். “துட்டு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. நான் போட்டேன்னு அவ நம்பணும். அதுக்கு எழுதுங்க.”

கணக்கு அவள் பேரில் இருக்கிறது. அவள் வராமல் பேங்கில் ஒரு வார்த்தை பேச முடியாது. நான் போன் போட்டேன். போலீஸ் கூப்பிட்டால் வருகிற பழக்கத்தில், மறுநாள் பதினொரு மணிக்கு, விடுதியில் மதியச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். காதில் தங்கக் கம்மல் போட்டிருந்தாள். மணிமுத்துவின் புருவத்துப் பிளாஸ்திரியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள்.

அது ஒரு தனியார் வங்கி. அந்த மேனேஜருக்கு முப்பது வயதிருக்கும். மணிமுத்து இருபத்தேழு கட்டைகளையும் மேஜையில் சீட்டுப் பரப்புகிற மாதிரி பரப்பினான். மேனேஜர் விரலால் தொடவில்லை, எண்ணெய். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

இந்தக் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் எப்போதும் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மாதம் முந்நூற்று எழுபத்தைந்து அபராதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஆக நானூற்று நாற்பத்திரண்டரை. மூன்று மாதம் இவன் போட்ட நாலாயிரத்து ஐந்நூறை மிச்ச மாதங்களில் கணக்கு தானே தின்றுவிடும். அடுத்த ஆனியில் சட்டி காலி. மறுபடி இவன் போடுவான், மறுபடி அது தின்னும். கடைசியில் தின்ன ஒன்றுமில்லாமல், பூஜ்யத்துக்குக் கீழேயும் எழுதி வைத்திருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவர்கள் எரிந்து முடிந்த வீட்டுக்குச் சாம்பல் வாடகை போட்டிருந்தார்கள்.

சங்கரேஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப இவரு போட்டது நெசமா?”

“போட்டிருக்காரும்மா. ஆனா நீங்கதான் பேலன்ஸ் மெயின்டெயின் பண்ணல. தப்பு உங்க பேர்லதான்.”

தப்பு உங்க பேர்ல என்ற சொல் வெளியே வந்து முடியவில்லை. மணிமுத்துவின் கை மேஜையைத் தாண்டி மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. பெருவிரலுக்குக் கீழே ஒரு இடம் இருக்கிறது, அமுக்கினால் ஐந்து விரலும் தானாக விரியும். பேனா கீழே விழுந்தது. மேனேஜர் சத்தம் போட வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓடிவந்தார்.

நான் மணிமுத்துவின் பிடரியில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். மூன்றாவது தடவை அதுதான். “விடுலே சவமே” என்றேன். விட்டான்.

பிறகுதான் சங்கரேஸ்வரியைப் பார்த்தேன். அவள் எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று, இடது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது புருஷன் முகத்தை இல்லை, அவன் கையை. ஒன்பது வருஷம் கழித்தும் அந்தக் கை எழும்பியதும் அவள் உடம்புக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. மணிமுத்துவும் அதைப் பார்த்தான். கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான், குளிருக்கு வைப்பது போல.

மேனேஜர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். “கூப்பிடுங்க. புகார் நானே எழுதித் தாரேன். காயம் எங்கன்னு கேப்பாவ, கையக் காட்டுங்க” என்றேன். கையில் ஒரு சிவப்புக்கூட இல்லை. அது அவன் தொழில்.

“அக்கவுண்ட் என் பேருலதான இருக்கு. முழுசையும் அடிச்சிக் குடுங்க. நான் போறேன்” என்றாள் சங்கரேஸ்வரி. ஒன்பது வருஷக் கணக்கும் பன்னிரண்டு பக்கம் வந்தது.

அன்று சாயங்காலம் புகார் எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே தமிழ். ‘மேற்படி வங்கியானது எனது கணக்கில் அத்துமீறி நுழைந்து, என் உழைப்பில் சேர்ந்த ரொக்கத்தை மாதந்தோறும் பறித்து, உள்காயம் ஏற்படுத்தி’ என்று ஓடியது பேனா. கிழித்துப் போட்டேன். கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு நாள் தேடி ரிசர்வ் வங்கியின் விதியை எடுத்தேன். இருப்பு குறைந்தால் அபராதம் போடுவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, நிரப்ப ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அந்த அபராதத்தாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டையும் சிவப்பு மையால் கோடிட்டேன். ‘எனக்கு ஒரு தடவைகூடத் தெரிவிக்கவில்லை’ என்று எழுதி, சங்கரேஸ்வரியிடம் கையெழுத்து வாங்கி, ரிஜிஸ்டர் தபாலில் பேங்குக்கு அனுப்பினேன். அவர்கள் பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம்.

நர்சிங் காலேஜ் முப்பது நாள் காத்திருக்குமா? கம்மலை அடகு வைத்து மகளைச் சேர்த்துவிட்டாள். அதற்கப்புறம் கடைக்கு வந்தபோதெல்லாம் காதில் ஈர்க்குத்தான் இருந்தது. மணிமுத்து தினமும் அருவியிலிருந்து நேரே வருவான். “தபால் வந்துதா ஏட்டையா?” என்பான். அவள் வருகிற நாளாக இருந்தால் மேஜைக்கு அந்தப் பக்கமே நிற்பான், கையைக் கட்டிக்கொண்டு.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம். நான் தனியாக இருந்தபோதுதான் படித்தேன். ‘ஒவ்வொரு அபராதத்துக்கு முன்பும் பின்பும், தாங்கள் விண்ணப்பத்தில் கொடுத்த செல்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டுள்ளது. ஆகவே தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.’ கீழே அந்த எண். கடைசி நாலு இலக்கம் ஆறு, நாலு, ஒன்று, ஏழு.

அது என் நம்பர்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு ஆய்க்குடிக்குப் போனேன். வல்லிநாயகம் அங்கே மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறான். கல்லாவில் இருந்து எழுந்து “வாங்க ஏட்டையா” என்றவனைக் கன்னத்தில் அறைந்தேன். தவிட்டு மூட்டையில் போய் விழுந்தான். உதடு கிழிந்தது.

“பேங்க் பாரத்துல என் நம்பர எதுக்குலே எழுதுன?”

அவன் உதட்டைத் தடவி, விரலில் ரத்தத்தைப் பார்த்தான். “நீங்கதான சொன்னிய. எதுன்னாலும் இந்த நம்பருக்குன்னு. அவகிட்ட அப்ப போன் கெடையாது. பாரத்துல நம்பர் கேட்டான். எதுன்னாலும் போலீசுக்குத் தெரியட்டும்னு உங்க நம்பரையே எழுதுனேன்.”

அவன் விழுந்து கிடந்த மூட்டைக்குப் பக்கத்து மூட்டையில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மெசேஜ்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கணக்கில்’ என்று மாதத்துக்கு இரண்டு வரும். சர்வீசின் கடைசி வருஷங்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், “பேங்க்ல இருந்துன்னு தெரியாத மெசேஜ் வந்தா எல்லாம் திருட்டுப் பய வேலை, ஒடனே அழிச்சிரணும்” என்று மைக்கில் பேசியவன் நான். ஊருக்குச் சொன்னதை ஒழுங்காக நானும் செய்தேன். ஒரு பெண்பிள்ளையின் ஒன்பது வருஷத்துப் பணம் என் கைக்குள் வந்து வந்து கூப்பிட்டிருக்கிறது. நான் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து அழித்திருக்கிறேன்.

வல்லிநாயகத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் வாயைக் கட்டுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. ‘மேற்படி எண் யாருடையது என்று எனக்குத் தெரியாது’ என்று சங்கரேஸ்வரி பேரில் ஒரு வரி எழுதினால் போதும். இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சீல் வைத்து எழுதியவன் நான். கடைக்குத் திரும்பி அந்த வரியை எழுதியும்விட்டேன்.

அப்போது மணிமுத்து வந்தான். “தபால் வந்துதா?” என்றான். நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். முப்பத்தோரு வருஷமாகத் தாளைக் கவிழ்த்து வைக்கிறவர்களின் முகத்தை எதிரே உட்கார வைத்துப் பார்த்தவனுக்கு, தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாதா? மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நம்பர், மெசேஜ், எல்லாம்.

அவன் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். மேஜையைச் சுற்றி வந்து, என் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். எழுதுகிற கை. அவன் பெருவிரல் என் மணிக்கட்டில் அந்த இடத்தைத் தேடிப் போய் நின்றது. கத்தினால் ரோட்டில் கேட்கும், ஆனால் கத்தத் தோன்றவில்லை.

“அடிலே” என்றேன். “மூணு தடவ நான் அடிச்சிருக்கேன். ஒண்ணாவது திருப்பிக் குடு.”

“அடிச்சா என்ன செய்விய? லேசான காயம்னு எழுதுவிய.”

கையை விட்டுவிட்டான். கவிழ்த்து வைத்த தாளை நிமிர்த்திப் பார்த்தான். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, “இது வேண்டாம் ஏட்டையா. நடந்ததை எழுதுங்க” என்றான்.

எழுதினேன். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. ‘குறுஞ்செய்திகள் வந்த எண் ஓய்வுபெற்ற ஏட்டாகிய என்னுடையது. கணக்கு வைத்திருப்பவருக்கு நான் உறவும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. வந்த செய்திகளை நான் அழித்துவிட்டேன், அவருக்குத் தெரிவிக்கவில்லை. அவருடைய எண்தானா என்று வங்கி ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. மேலும் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கியிருக்கிறது.’ என் கையெழுத்தையும் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினேன். இதனால் கேஸ் கெட்டுப்போகும் என்றுதான் நினைத்தேன். சங்கரேஸ்வரியிடமும் போனில் சொன்னேன். “சோறு பொங்குது, வைக்கேன்” என்று வைத்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்து, அடைமழை தொடங்கியிருந்தது. விசாரணை முடியும் முன்பே வங்கி இறங்கி வந்தது. மேனேஜரே சங்கரேஸ்வரிக்குப் போன் செய்து வரச்சொன்னார். கீழே போன கடனை அடித்துவிட்டு, நாற்பதாயிரத்து ஐந்நூறும் திரும்பக் கணக்கில் ஏறியது. பாஸ்புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

பேங்கிலிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். மணிமுத்து முன்னமே வந்து காத்திருந்தான். வெளுத்த சட்டை போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்து எண்ணெயைக்கூட எடுத்திருந்தான். ஒன்பது வருஷத்தில் அவனை எண்ணெய் வாசனை இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றான். எனக்கே அந்த வார்த்தையைக் கேட்க ஆசையாக இருந்தது.

அவள் பாஸ்புத்தகத்தை விரித்து ஒரு வரியில் விரல் வைத்தாள். “இதென்னமோ ரிவர்சல்னு சொன்னாவ. அப்படின்னா என்ன ஏட்டையா?”

“தப்பா எடுத்தத, எடுத்த எடத்துலயே திருப்பி வச்சிருதது.”

அவள் பாஸ்புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு பழைய தாளை எடுத்தாள். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து.

“அப்ப இதையும் பண்ணித் தாங்க.”

‘கை பட்டதில் மனைவிக்கு வலது காதில் லேசான காயம்.’

“கவர்மெண்டுல குடுக்குற காது மெஷினுக்கு எழுதிப் போட்டேன், ரெண்டு தடவ. பேப்பர் இருக்கான்னு கேட்டாவ. இதத்தான் காட்டுனேன். கேக்காதது எந்தக் காதும்மா, முதல்ல அதச் சொல்லுன்னு ஆபீஸ்ல இருந்தவன் சிரிச்சான்.” ஈர்க்கு செருகிய இடது காதைத் தொட்டாள். “எனக்குக் கேக்காதது இது.”

எப்படித் தப்பாக எழுதினேன் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஸ்டேஷனில் அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். ரத்தம் வடிந்த காது என் வலது கைப்பக்கம் இருந்தது. வலது என்று எழுதினேன். எதிரே இருக்கிறவளுக்கு அது இடது என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் காதும்மா என்று அவளை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேள்வி கேட்டு எழுதுவதெல்லாம் புது ரைட்டருக்கு என்று இருந்தவன் நான்.

மணிமுத்துதான் பேசினான்.

“எழுதுங்க ஏட்டையா. நான் சொல்லுதேன். கை பட்டதுல இல்ல. அடிச்சேன்.”

புதுத் தாள் எடுத்தேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘மணிமுத்து ஆகிய நான், என் மனைவி சங்கரேஸ்வரி சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சிரித்ததற்காக, என் வலது கையால் அவளுடைய இடது காதில் முழு பலத்தோடு அறைந்தேன். ரத்தம் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அன்றிலிருந்து அந்தக் காது கேட்காது.’ அவன் நிறுத்தியதும், அதற்குக் கீழே நானாக எழுதினேன். ‘காயத்தை நேரில் பார்த்தும், கேட்காமலும், சிகிச்சைக்கு அனுப்பாமலும், வலது காது, லேசான காயம் என்று தப்பாக எழுதியவன் ஏட்டு ஏசுவடியான்.’ சொல்லக்கூசும் என்ற சொல் முதல் தடவையாக அந்த மனுவில் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அதை எழுதவில்லை.

இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவள் வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

“துட்டு போட்டேன்னு இப்பமாவது நம்புதியா?” என்றான் மணிமுத்து.

அவள் திரும்பவில்லை. அவன் நின்றது அவளுடைய இடது பக்கம். தப்பு தெரிந்து, மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று, மறுபடி அதையே கேட்டான்.

“துட்டு போட்டதுக்குத்தான் ரசீது இருக்கே” என்றாள். “இதுக்குத்தான் ஒண்ணுமில்லாம இருந்துது.”

தாளை என்னிடம் நீட்டினாள். “ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க ஏட்டையா. ஒண்ணு எம் மவளுக்கு. சோறு விழுந்ததுக்கு அப்பா அடிச்சாருன்னுதான் அவ இன்னும் நெனச்சிக்கிட்டிருக்கா. தட்டத் தட்டிவிட்டது அவதானாம்.”

மணிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கழுவி வைத்திருந்த கையைத் தலையில் வைத்துக்கொண்டான். நான் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். அவள் நாலு ரூபாயைக் கண்ணாடியின் மேல் வைத்துவிட்டு ஆய்க்குடி பஸ்ஸுக்குப் போனாள்.